மாடிப் பட்டறைக்குத் தரை தேடிய கதை

சென்ற பொங்கல் விழாவில் சங்க அன்பர்கள் இரண்டு மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “என்ன சார், கிரைண்டர் ரிப்பேரை மறுபடி ஆரம்பித்து விட்டீர்களாமே! நடுவில் ஏன் ஆறு மாதம் கடையைச் சாத்தி வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டார்கள். பந்தியில் சர்க்கரைப் பொங்கல் ஆறிக்கொண்டிருந்ததால், “தரை சரியில்லை, அதனால்தான்” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். சிலர் சிரித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற பழமொழி அவர்களுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஆனால் என் விஷயத்தில் கூடம் உண்மையிலேயே கோணல்தான். அந்தக் கதையை விரிவாக எழுதும்படி ஆசிரியர் குழு கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

என்னை அறியாத புதிய அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் முடித்து 1976-இல் புனே வந்தேன். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து 2012-இல் ஓய்வு பெற்றேன். நிக்டி பிராதிகரணில் ஒரு ரோ ஹவுஸ். பக்கத்தில் கார் நிறுத்தும் காரேஜ். அதன் மேல் 1999-இல் கட்டிய அறை ஒன்று, பன்னிரண்டடிக்குப் பதினெட்டடி. காங்கிரீட் தளம், மேலே தகரக் கூரை. வாடகைக்கு இருந்த பையன்கள் காலி செய்த பிறகு அங்கே என் சின்ன லேத், டிரில்லிங் மெஷின், பெஞ்ச் கிரைண்டர், வைஸ் எல்லாவற்றையும் ஏற்றி ஒரு பட்டறை அமைத்துக்கொண்டேன்.

பட்டறைக்கு வரும் வேலை என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து ஆசையாக வாங்கி வந்த வெட் கிரைண்டர் இங்கே வந்து மக்கர் செய்தால், பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம். பெல்ட், புஷ், தேய்ந்த ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாக வந்து, மாதத்துக்கு ஏழெட்டு கிரைண்டர் என் மாடி ஏறும். காசுக்காகச் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வாகடிலிருந்து மகன் குடும்பத்தோடு வருவான். பதினோரு வயதுப் பேரன் நேரே மாடிக்கு வந்துவிடுவான். அரம் பிடிப்பது எப்படி, மரையின் பிட்ச் அளப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பேன். அவன் தமிழில் தடங்கலில்லாமல் பேசும் இரண்டு மணி நேரமும் அதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

சிமெண்டு மாவு

அறையின் தரை சாதாரண சிமெண்டுப் பூச்சு. இருபது வருடத்தில் அது மாவாக உதிர ஆரம்பித்துவிட்டது. பெருக்கப் பெருக்க வெள்ளைத் தூள். குடும்பம் நடத்தும் அறையில் இது வெறும் தொல்லை. லேத் இருக்கும் அறையில் இது விஷம். சிமெண்டிலும் மணலிலும் உள்ள கடினமான துகள், லேத்தின் சறுக்குப் பாதையில் இருக்கும் எண்ணெயோடு கலந்தால் தேய்ப்புப் பசை போலாகிவிடும். மெஷின் தன்னைத் தானே அராவிக்கொள்ளும். இது போதாதென்று டிசம்பர் குளிரில் அந்தத் தரையில் ஒரு மணி நேரம் நின்றால் முழங்கால் இரண்டும் மறுநாள்வரை பேசும்.

ஒரு ஃபர்ஷிவாலாவைக் கூப்பிட்டேன். புனே வீடுகளில் ஷஹாபாதிக் கல்லும் கோட்டாக் கல்லும்தான் பழைய வழக்கம். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “காகா, கோட்டா டாகா, டென்ஷன் நக்கோ” என்று சொல்லி, மறு திங்கட்கிழமை கல் இறக்குவதாகக் கிளம்பிவிட்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது. கோட்டாக் கல் உழைக்கும், விலையும் அதிகமில்லை.

அன்றிரவு நாசிக்கிலிருந்து மகள் போன் செய்தாள். சிவில் இஞ்சினியர். விஷயத்தைச் சொன்னதும், “அப்பா, அந்த ஸ்லாப் எவ்வளவு தாங்கும்னு பாத்தீங்களா?” என்று கேட்டாள். கல் கனமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. அவள் போட்டாள்.

கோட்டாக் கல் 25 மில்லிமீட்டர் கனம். அடியில் கலவை 40 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டருக்குக் கல் சுமார் 65 கிலோ, கலவை சுமார் 80 கிலோ, ஆக 145 கிலோ. என் அறை 20 சதுர மீட்டர். மொத்தம் 2,900 கிலோ. இரண்டு அம்பாஸிடர் கார்களைத் தூக்கி மாடியில் வைத்தாலும் அவ்வளவு வராது! கட்டடங்களின் சுமை பற்றிய இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 இரண்டாம் பாகம், குடியிருக்கும் அறைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுச் சுமை என்றும், லேசான மெஷின்கள் உள்ள வேலையிடத்துக்கு ஏறத்தாழ 500 கிலோ என்றும் வைத்திருக்கிறது. என் அறை குடியிருக்கக் கட்டியது. அதில் மெஷின்களையும் ஏற்றிவிட்டு, கல்லையும் பாவுவதா? கீழே நிற்பது கார் மட்டுமல்ல. மழை நாட்களில் பேரனும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் கேரம் ஆடுவார்கள்.

மகள் சொன்னபடி உள்ளூர் ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர் ஒருவரை வரவழைத்தேன். நல்லவேளையாக 1999-இல் கம்பி கட்டிய வரைபடத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டு மூன்று விஷயம் சொன்னார்: மெஷின்கள் எல்லாம் உத்தரத்தையும் சுவரையும் ஒட்டி நிற்க வேண்டும், நடுவில் பாரம் குவியக் கூடாது, தரைக்குப் போடுவது லேசாக இருக்க வேண்டும். ஃபர்ஷிவாலாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நான் செய்த தப்பு

லேசான தரை என்றதும் பொறுமை இல்லாமல் ஒரு காரியம் செய்தேன். குழந்தைகள் விளையாட எழுத்துப் போட்ட பாய் விற்கிறார்களே, பல்பல்லாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நுரைப் பாய், அதிலேயே பெரிய சைஸ் வாங்கி அறை முழுக்கப் பரப்பிவிட்டேன். ஈ.வி.ஏ. என்ற நுரை. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. காலுக்குப் பஞ்சு மெத்தை. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. டிரில்லிங் மெஷினின் கால்கள் மட்டும் நுரையில் புதைந்து சற்றே சாய்ந்தன; பலகை வைத்துச் சமாளித்தேன்.

மூன்றாவது ஞாயிறு. பெஞ்ச் கிரைண்டரில் ஓர் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பேரன் எனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஒரு டப்பா நட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். “தாத்தா, பாய் நாத்தமடிக்குது” என்றான். திரும்பிப் பார்த்தால் அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நூல் போலப் புகை. தீப்பொறி விழுந்த இடம் கனிந்து உருகிக்கொண்டிருந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொட்டி அணைத்தேன். பழைய எட்டணா அளவுக்கு ஒரு ஓட்டை, அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்து இரண்டு சாணில் தின்னர் பாட்டில் இருந்தது. அதன் மூடி இறுக மூடியிருந்தது. மூடியவன் நான் இல்லை, பேரன். முந்தின வாரம் நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை நான் மறந்தேன், அவன் மறக்கவில்லை.

என் மனைவி இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் பாய்களை எல்லாம் சுருட்டிக் கீழே இறக்கிவிட்டு, “இங்க பாருங்க, உங்க ஆசைக்கு நான் குறுக்கே நிக்கல. ஆனா தீப்பிடிக்காத, வழுக்காத, நான் பெருக்கித் தொடைக்கிற மாதிரி ஒரு தரை போடற வரைக்கும் பிள்ளை மேலே வர வேணாம்” என்றாள். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் எனக்கு அதிகம் உறைத்தது. அடுத்த ஞாயிறு பேரன் கீழே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். நான் பட்டறையைப் பூட்டினேன்.

விழுவது என்ன?

பூட்டிய பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பழைய ஃபோர்மன் நினைவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் டூல் ரூமின் தரை கல்லோ சிமெண்டோ இல்லை. மரக்கட்டைகளை வெட்டு முகம் மேலே தெரியும்படி நிறுத்தி அடுக்கிய தரை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இவ்வளவு மரத்தை ஏன் வீணாக்கினார்கள் என்று கேட்டேன். அவர் ஒரு கார்பைடு டூலை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. “இதைக் கல்லில் போட்டிருந்தால் முனை போயிருக்கும். தரையில் என்ன விழும் என்று பார்த்துத் தரை போட வேண்டும் தம்பி” என்றார்.

நான் காகிதம் எடுத்து என் மாடியில் விழுபவற்றை எழுதினேன். வெட் கிரைண்டரின் குழவிக்கல். சுத்தியல். மூன்று மில்லிமீட்டர் கிரப் ஸ்க்ரூ. சூடான இரும்புச் சீவல். கிரைண்டர் பொறி. லேத் எண்ணெய். தின்னர். கடைசியில் யோசித்து யோசித்து, ‘நான்’ என்றும் எழுதினேன். எழுபது வயதில் ஈரத் தரையில் வழுக்கினால் இடுப்பெலும்பு என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பவானி பேட்டுக்குப் பஸ் ஏறினேன்.

முதல் கடையில், “இன்டர்லாக் டைல் வேண்டும்” என்றதும் வாசலில் அடுக்கியிருந்த சிமெண்டுப் பேவர் பிளாக்கைக் காட்டினார்கள். நடைபாதையில் பதிக்கிறார்களே, அதுதான். நம் ஊர்களில் அந்தப் பெயர் அதற்குத்தான் நிலைத்துவிட்டது. “பி.வி.சி. காரேஜ் டைல்” என்று கேட்டால்தான் சரியான பொருள் கிடைக்கும் என்று மூன்றாவது கடையில் புரிந்துகொண்டேன். பிறகு ஒரு கடைக்காரர் பொறுமையாக எல்லா வகையிலும் இரண்டு இரண்டு சாம்பிள் விலைக்குக் கொடுத்தார்.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பாலிபுரொப்பிலீன் டைல்: கெட்டியான பிளாஸ்டிக், அடியில் கால் கால் ஆக நிற்கும். லேசு. எண்ணெய், தின்னர் எதற்கும் அசையாது. கீழே காற்று ஓடும்; காரேஜில் கார் கழுவும் இடத்துக்கு மிக நல்லது. ஆனால் நடந்தால் ‘டக் டக்’ என்று பொள்ளல் சத்தம். ஓட்டை போட்ட மாதிரியானால் கிரப் ஸ்க்ரூ அடியில் போய்விடும். அதைத் தேடப் பாதித் தரையைக் கழற்ற வேண்டும்.

ரப்பர் டைல்: வழுக்காது, சத்தம் போடாது. கனம் அதிகம்; வாசனையும் உண்டு. மினரல் எண்ணெய் பட்டால் சாதாரண ரப்பர் ஊறி உப்பும். உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஏற்றது, எண்ணெய்ப் பட்டறைக்கு அல்ல.

பி.வி.சி. டைல்: வளையும், ஆனால் அமுங்காது. அரை மீட்டர் சதுரம், 7 மில்லிமீட்டர் கனம். சதுர மீட்டருக்கு ஒன்பது பத்துக் கிலோதான். என் அறை முழுவதற்கும் இருநூறு கிலோவுக்குள் அடங்கும். கல்லின் 2,900 கிலோ எங்கே, இது எங்கே!

வீட்டில் நடந்த பரீட்சை

சாம்பிள்களை மொட்டை மாடிக்குக் கொண்டு போய், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பரீட்சை செய்தேன். என் மனைவியும் உடன் இருந்தாள். மார்க் போட்டது அவள்தான்.

கை கிரைண்டரால் ஓரடி தூரத்திலிருந்து பொறி பறக்கவிட்டேன். நுரைப் பாயில் உடனே ஓட்டை. பாலிபுரொப்பிலீனில் சிறு சிறு உருகல். பி.வி.சி.யில் பழுப்புப் புள்ளிகள் மட்டும்; பொறியை நிறுத்தியதும் ஒன்றும் தொடரவில்லை. பி.வி.சி.யில் குளோரின் இருப்பதால் தீயை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் அது எரியவே எரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். எரிய வைத்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், மூச்சுக்குழலை அரிக்கும். ஆகவே எந்தப் பிளாஸ்டிக் தரையும் பொறி விழும் இடத்துக்கு உகந்ததல்ல என்பதே என் முடிவு.

எண்ணெயும் தின்னரும் சொட்டு விட்டு ஓர் இரவு வைத்தேன். எண்ணெயைத் துணியால் துடைத்ததும் பி.வி.சி. பழையபடி ஆகிவிட்டது. தின்னர் பட்ட இடம் மட்டும் பிசுபிசுத்து மங்கியது. அசிட்டோன் வகைத் திரவங்கள் பி.வி.சி.யை இளக்கிவிடும். தின்னர் வேலைக்கு ஓர் எவர்சில்வர் தட்டு என்று அப்போதே முடிவு செய்தேன்.

குழவிக்கல்லை இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். பி.வி.சி.யில் ஒரு தழும்பு, கல்லுக்கும் ஒன்றுமில்லை. ‘தொம்’ என்று அடங்கிய சத்தம். பொதுச் சுவருக்கு அப்பால் இருக்கும் ஆஜி இனி சுவரைத் தட்ட மாட்டார் என்று தெம்பு வந்தது.

அடுத்தது என் தொழில் பரீட்சை. வெர்னியரை எடுத்து அளந்தேன். ஒரு கடையின் டைல்கள் எல்லாம் 500 மில்லிமீட்டருக்கு அரைக்கால் மில்லிமீட்டர் முன்பின்னாகச் சீராக இருந்தன. விலை மலிவான இன்னொன்றில் ஒரு டைல் 500, அடுத்தது 498.6. ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். என் அறையின் நீளத்துக்குப் பதினொரு டைல். பதினொன்றையும் சேர்த்தால் பக்கத்து வரிசைக்கும் இதற்கும் 15 மில்லிமீட்டர் வித்தியாசம் வரலாம். பல் பல்லோடு சேராது. வெர்னியர் இல்லாதவர்கள் கடையிலேயே ஒன்பது டைலை மூன்றுக்கு மூன்றாகக் கோத்துப் பாருங்கள். நடுவிலுள்ளதை எடுத்துத் திருப்பிப் போடுங்கள். தட்டாமல் பொருந்தினால் வாங்கலாம். கோத்ததை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குங்கள், பிரியக் கூடாது. முகர்ந்தும் பாருங்கள், மட்டமான மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கை மூக்கே காட்டிக் கொடுக்கும்.

மேற்பரப்பைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி. காசு காசாகப் புடைத்த டிசைன்தான் எனக்குப் பிடித்திருந்தது. பார்க்க எடுப்பாக இருக்கும். அவள் அதன் மேல் ஒரு கைப்பிடி இரும்புச் சீவலைத் தூவி, துடைப்பத்தால் பெருக்கினாள். பாதி சீவல் காசுகளின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டது. “இதைத் தினமும் யார் கிள்ளி எடுக்கறது?” என்றாள். தோல் மாதிரி லேசான சொரசொரப்பு உள்ள தட்டை டைல் ஒரே வீச்சில் சுத்தமானது. அதன் மேல் தண்ணீர் தெளித்து ஷூவோடு நான் இழுத்து நடந்தும் வழுக்கவில்லை. நிறம் வெளிர்சாம்பல். கறுப்பில் அழுக்குத் தெரியாது என்றார் கடைக்காரர். எனக்கு அழுக்குத் தெரிய வேண்டும். விழுந்த ஸ்க்ரூவும் தெரிய வேண்டும்.

போட்ட விதம்

போடும் முன் ஒரு பரீட்சை பாக்கி: ஓதம். ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல் விட வேண்டும். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தரையில் ஈரம் இருக்கிறது. ஜூலை மழையில் நான்கு இடத்தில் ஒட்டினேன். மூன்று காய்ந்திருந்தன, மேற்குச் சுவரோரம் மட்டும் நனைந்திருந்தது. வெளிப்பூச்சில் விரிசல். அதை அடைத்துக் காயவைக்க மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. ஈரத்தை மூடி வைத்தால் அது போய்விடாது, பூஞ்சையாகத் திரும்பி வரும்.

பிறகு நீள ரூல் கட்டையைத் தரையில் வைத்து மேடு பள்ளம் பார்த்தேன். மேட்டைக் கல் தேய்த்துக் குறைத்தேன். பள்ளத்தைக் கலவையால் நிரப்பினேன். மாவு உதிராமல் இருக்கச் சோடியம் சிலிகேட் கரைசல் பூசிக் காயவிட்டேன்.

டைல்களை ஒரு நாள் முழுக்க அறையிலேயே பரப்பி வைத்தேன். அறையின் சூட்டுக்கு அவை பழக வேண்டும். அறையின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, மூலைமட்டம் பார்த்து, நடுவிலிருந்து ஆரம்பித்தேன். ரப்பர் சுத்தியலால் பல்லில் ஒரு தட்டு, அவ்வளவுதான். பசை கிடையாது. சுவரோரம் ஆறு மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பி.வி.சி. ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிச் சூட்டில் 0.07 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீளும். ஐந்தரை மீட்டர் அறையில் ஜனவரிக் காலைக்கும் ஏப்ரல் பிற்பகலுக்கும் இருபத்தைந்து டிகிரி வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர். தகரக் கூரையின் கீழ் அந்த வித்தியாசம் சர்வ சாதாரணம். இடம் விடாவிட்டால் நடுவில் அப்பளம் போல் எழும்பும். இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துக்கொள்ளும்.

கணக்குப்படி 20 சதுர மீட்டருக்கு 80 டைல். வெட்டுச் சேதத்துக்கும் பிற்காலத்துக்கும் சேர்த்து 92 வாங்கினேன். பின்னால் வாங்கினால் நிறம் ஒத்து வராது.

லேத்தை டைல் மேல் ஏற்றவில்லை. அதன் நான்கு கால்களுக்கும் டைலை வெட்டி எடுத்து, ஸ்லாபின் மேலேயே நிறுத்தி ரசமட்டம் பார்த்தேன். நெகிழும் தரையில் லேத் நின்றால் படுகை முறுக்கும். பிறகு கடையும் ஷாஃப்ட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் வரும். டிரில்லிங் மெஷினின் ரப்பர்க் கால்களுக்கு அடியில் பிளைவுட் துண்டு. கறுப்பு ரப்பர் நாட்பட்டால் பி.வி.சி.யில் பழுப்புக் கறை ஏற்றும். அது கழுவினாலும் போகாது.

பெஞ்ச் கிரைண்டரைச் சுற்றி ஒன்றரைச் சதுர மீட்டருக்கு டைலே போடவில்லை. அங்கே நான்கு ஷஹாபாதிக் கற்களை மட்டும் பதித்தேன். மகளிடம் கேட்டு, சுவரோரம், எடை எழுதிப் பார்த்துத்தான். கிரைண்டருக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு. பக்கத்தில் மணல் வாளி. தின்னர் பாட்டில் எதிர்ச் சுவரில் இரும்பு அலமாரிக்குள் போய்விட்டது.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது, நம் வீடுகளுக்கே உரியது. பட்டறையில் ஷூ இல்லாமல் நிற்கக் கூடாது; வீட்டுக்குள் ஷூவோடு நுழையக் கூடாது. இதற்கு நடுவில் இரும்புச் சீவல் என் காலோடு இறங்கிச் சமையலறைவரை போய், ஒருமுறை என் மனைவியின் பாதத்தில் தைத்தது. இப்போது வாசலை ஒட்டி ஒரு வரிசை மட்டும் சிவப்பு டைல். சிவப்பில் செருப்பை விடு, ஷூவை மாட்டு, பிறகு சாம்பலில் கால் வை. திரும்பும்போது நேர்மாறு. கிரைண்டர் கல்லைச் சுற்றியும் அதே சிவப்பு. பொறி பறக்கும்போது பேரன் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு என் மனைவி முதலில் மேலே வந்தாள். சிவப்பு வரிசையில் நின்று சுற்றிலும் பார்த்தாள். குனிந்து கல்லையும் டைலையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு படியில் நின்றபடி கீழே பார்த்து, “டேய், தாத்தா கூப்பிடறார்” என்றாள். நான் கூப்பிடவே இல்லை.

அவன் வந்து, ஷூ மாட்டி, முதல் வேலையாகத் தின்னர் பாட்டில் எங்கே என்று தேடினான். காட்டினேன். மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு வந்து வைஸ் முன்னால் நின்றான். அரை மணி நேரத்தில் ஒரு கிரப் ஸ்க்ரூவைக் கீழே போட்டான். அடுத்த நிமிடமே, “இதோ இருக்கு தாத்தா” என்றான்.

டிசம்பரில் சால்டரிங் அயர்ன் நழுவி ஒரு டைல் சுட்டுப் போயிற்று. நான்கு பக்கமும் நெம்பிக் கழற்றி, மிச்சமிருந்ததில் ஒன்றைத் தட்டி மாட்டினேன். இரண்டு நிமிடம். சுட்ட டைலை எறியவில்லை. சங்கத்தில் இதுபோல் பட்டறையோ, தையல் அறையோ, மாடியில் ஒரு மூலையோ வைத்திருப்பவர்கள் வந்தால் காட்டலாம் என்று வைத்திருக்கிறேன். வரும்போது ரிப்பேருக்குக் கிரைண்டர் கொண்டு வந்தாலும் சரி. குழவியைத் தவறவிட்டால் பயப்பட வேண்டாம்.